ஒரே சென்ட், ஆளுக்கு ஒரு வாசனை: பெர்ஃப்யூமைத் தோலில் வைத்துப் பார்த்து வாங்குவது எப்படி?

அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் போட்டு வரும் சென்ட் பிடித்துப்போகிறது. பெயர் கேட்டு அதையே தேடி வாங்குகிறோம். நம் மேல் அடித்தால் அந்த வாசனை வருவதில்லை. அல்லது கடையில் காகிதப் பட்டையில் முகர்ந்தபோது அசத்திய ஒன்று, வீட்டுக்கு வந்து போட்டுக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் காணாமல் போகிறது. இல்லாவிட்டால் தலை வலிக்கும் அளவுக்குத் திகட்டுகிறது. மூவாயிரம், நாலாயிரம் கொடுத்து வாங்கிய பாட்டில் பீரோவுக்குள் கிடக்கிறது. புதிதாகப் பெர்ஃப்யூம் வாங்கத் தொடங்குகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்லும் குறை இதுதான்.

பெரும்பாலும் அந்தப் பாட்டில் போலியாக இருக்காது, கெட்டுப்போயும் இருக்காது. அதை உங்கள் தோலில் ஒரு முழு நாள் வைத்துப் பார்க்காமல் வாங்கியதுதான் பிரச்சினை. காகிதத்தில் முகர்ந்ததையும், இன்னொருவர் மேல் முகர்ந்ததையும், வீடியோவில் கேட்ட வர்ணனையையும் வைத்து உங்கள் மேல் அது எப்படி இருக்கும் என்று தீர்மானிக்கவே முடியாது. காரணம் தெரிந்துகொண்டால் பரிசோதிக்கும் முறை தானாகப் புரியும். அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

தோலில் என்ன நடக்கிறது

பெர்ஃப்யூம் என்பது பூ, மரம், பழத்தோல் இவற்றிலிருந்து எடுத்த எண்ணெய்களும் ஆய்வகத்தில் செய்த வாசனைப் பொருட்களும் ஆல்கஹாலில் கரைந்த கலவை. ஒரு பாட்டிலுக்குள் பல பத்து வகை மூலக்கூறுகள் இருக்கும். தோலில் பட்டதும் ஒவ்வொன்றும் அதனதன் வேகத்தில் ஆவியாகிக் கிளம்புகிறது. முதலில் ஆல்கஹால் போகும். அடுத்து எலுமிச்சை, ஆரஞ்சு ரகம். பிறகு பூக்களும் மசாலாப் பொருட்களும். கடைசிவரை உட்கார்ந்திருப்பவை சந்தனம், வெட்டிவேர், வெனிலா, மஸ்க் (கஸ்தூரி ரகம்) போன்றவை. பொதுவாக மூலக்கூறு கனமாக இருந்தால் மெதுவாகத்தான் போகும். ஆரஞ்சுத் தோலில் இருக்கும் லிமோனினின் மூலக்கூறு எடை 136; அது சில நிமிடங்களில் பறந்துவிடும். கேலக்ஸோலைட் என்ற செயற்கை மஸ்க்கின் எடை 258. அது அடுத்த நாள்வரைகூடத் துணியில் இருக்கும். எது எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதைப் பொறுத்து அந்தந்த நேரத்து வாசனை அமைகிறது. அந்த வேகத்தைத்தான் உங்கள் தோல் மாற்றுகிறது.

முதல் காரணம் சூடு. தோலின் மேற்பரப்பு சாதாரணமாக 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் இருக்கும். கடையில் ஏசி 23-இல் ஓடுகிறது. காகிதப் பட்டையும் அந்தக் குளிரில்தான் இருக்கிறது. ஆகவே காகிதத்தில் மெதுவாக விரியும் வாசனை உங்கள் கழுத்தில் சீக்கிரமாகவும் பலமாகவும் விரியும். உடம்புச் சூடு கூடுதலாக உள்ளவர்கள், வேகமாக நடப்பவர்கள், வெயிலில் பைக் ஓட்டுபவர்கள் மேல் இது இன்னும் துரிதமாக நடக்கும்.

இரண்டாவது, என் கணக்கில் மிக முக்கியமானது, எண்ணெய்ப்பசை. தோலிலுள்ள சுரப்பிகள் சீபம் என்ற கொழுப்பைச் சுரக்கின்றன. வாசனை மூலக்கூறுகளில் பெரும்பாலானவை தண்ணீரைவிடக் கொழுப்பில் நன்றாகக் கரைபவை. எண்ணெய்ப்பசை உள்ள தோல் அவற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். வறண்ட தோலில் பிடித்துவைக்க எதுவும் இல்லை. முதலில் எழும் வாசனை ஒரேயடியாகப் போய்விடும், கடைசிவரை நிற்க வேண்டிய அடிவாசனை சீக்கிரம் வெளிப்பட்டு அதுவும் மெலிந்துவிடும். ஒரே பாட்டிலிலிருந்து அடித்துக்கொண்ட இருவரில் ஒருவர் மேல் எட்டு மணி நேரம் நிற்பது இன்னொருவர் மேல் இரண்டு மணி நேரம்கூட நிற்காததற்கு இதுவே பெரிய காரணம்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. இந்தச் சுரப்பிகள் உடம்பு முழுக்க ஒரே அளவில் இல்லை. முகம், தலை, மேல்நெஞ்சு, மேல்முதுகு ஆகிய இடங்களில் நெருக்கமாக இருக்கும். முன்கையில் குறைவு, உள்ளங்கையில் அறவே கிடையாது. எல்லோரும் சென்ட்டைச் சோதித்துப் பார்க்கும் மணிக்கட்டு, அதைத் தாங்கிப் பிடிக்கும் விஷயத்தில் உடம்பிலேயே பலவீனமான இடங்களில் ஒன்று. மணிக்கட்டில் ‘நிற்கவில்லை’ என்று தள்ளிவிட்ட ஒன்று உங்கள் நெஞ்சில் மாலைவரை இருக்கலாம்.

மூன்றாவது, உங்களுக்கே உரிய வாசனை. புதிதாகச் சுரக்கும் வியர்வைக்கு அநேகமாக மணமே கிடையாது. அக்குளில் உள்ள ஒருவகைச் சுரப்பிகள் விடும் திரவத்தைத் தோலில் வாழும் பாக்டீரியாக்கள் உடைக்கும்போதுதான் வாடை பிறக்கிறது. எந்த பாக்டீரியா எவ்வளவு குடியிருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். மரபணுவுக்கும் பங்குண்டு. ஏபிசிசி11 என்ற மரபணுவின் ஒரு வடிவம் உள்ளவர்களுக்குக் காதுக் குறும்பி காய்ந்து உதிரும் வகையில் இருக்கும் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006-இல் கண்டறிந்தார்கள். அதே ஆட்களுக்கு அக்குள் வாடையும் மிகக் குறைவு. கிழக்காசியாவில் இது மிகப் பரவலாக உண்டு. வயதும் சேர்கிறது: 40 வயதைத் தாண்டியவர்களின் தோலில் 2-நொனெனல் என்ற, எண்ணெய்ச் சிக்கும் பச்சைப் புல்லும் கலந்தாற்போன்ற மணமுள்ள பொருள் தென்படுவதை இன்னொரு ஜப்பானிய ஆய்வு 2001-இல் சொன்னது. பெர்ஃப்யூம் இதற்கெல்லாம் மேலேதான் வந்து உட்காருகிறது.

சாப்பாட்டுக்கும் இதில் இடம் உண்டு. நமக்கு நெருக்கமான உதாரணம் வெந்தயம். அதிலுள்ள சோட்டோலோன் என்ற பொருள் உடம்பில் சிதையாமல் வியர்வையிலும் சிறுநீரிலும் வெளிவருகிறது; காய்ச்சிய சர்க்கரைப்பாகு போல மணக்கும். தினமும் காலையில் ஊறவைத்த வெந்தயம் விழுங்குகிறவர் மேல், ஏற்கெனவே இனிப்பான வெனிலா, கேரமல் ரக சென்ட் எப்படித் திகட்டும் என்று நினைத்துப் பாருங்கள். அதே ஆள் வெட்டிவேர், எலுமிச்சை ரகத்துக்குப் போனால் சரியாக அமைந்துவிடும்.

கடைகளில் ‘உங்க ஸ்கின்னோட பி.எச். அப்படி’ என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். தோலின் பி.எச். சுமார் 5, லேசான அமிலத்தன்மை. ஆளுக்கு ஆள் சிறிது மாறும், உண்மைதான். ஆனால் பெர்ஃப்யூமில் உள்ள பெரும்பாலான மூலக்கூறுகள் அந்தச் சிறு மாற்றத்துக்கெல்லாம் உருமாறுபவை அல்ல. சூடு, எண்ணெய்ப்பசை, உடல்வாசனை, முகர்பவரின் மூக்கு என்ற நான்கும்தான் பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகின்றன. பி.எச். பார்க்கும் காகிதம் வாங்கிச் செலவு செய்ய வேண்டாம்.

முதல் வேலை: உங்கள் தோல் எந்த ரகம்?

இதைக் கடைக்குப் போவதற்கு முந்தைய நாளே வீட்டில் பார்த்துவிடலாம். வாசனையில்லாத சோப்பால் நெஞ்சுக்குழிக்கு மேல்புறத்தையும் முன்கையின் உள்புறத்தையும் கழுவித் துடைத்துவிட்டு, எதுவும் பூசாமல் இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். பிறகு ஒரு மெல்லிய டிஷ்யூ காகிதத்தை இரண்டு இடத்திலும் அழுத்தி எடுங்கள். காகிதம் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும்படி ஆகியிருந்தால் எண்ணெய்ப்பசை உள்ள தோல். காகிதம் அப்படியே வெள்ளையாக இருந்து, தோலை நகத்தால் லேசாகக் கீறினால் வெண்கோடு விழுந்தால் வறண்ட தோல். நெஞ்சில் பசையும் கையில் வறட்சியுமாகத்தான் பலருக்கு இருக்கும். அது போதும், எங்கே போட வேண்டும் என்பதற்கு விடை கிடைத்துவிட்டது.

கடைக்குப் போகும் நாள்

அன்று வேறு சென்ட், வாசனைப் பவுடர், மணமுள்ள பாடி லோஷன் எதுவும் வேண்டாம். நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்த நாளையும் தவிர்த்துவிடுங்கள். சீயக்காயும் எண்ணெயும் சேர்ந்த மணம் நாள் முழுக்கக் கூடவே வரும், தோலும் வழக்கத்தைவிடப் பசையாக இருக்கும். வெங்காயம், பூண்டு தூக்கலான சாப்பாடு முடித்த கையோடு போக வேண்டாம். சளி பிடித்திருந்தால் தள்ளிப்போடுங்கள். முடிந்தால் வாரநாளில், கூட்டமில்லாத காலை நேரத்தில் போவது நல்லது. சனி, ஞாயிறு மாலையில் கடைக்குள் காற்றே சென்ட்டாக இருக்கும்.

கடையில் செய்ய வேண்டியது

காகிதப் பட்டையைக் கழித்துக்கட்டுவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். ஐந்தாறு பட்டைகளில் அடித்துப் பார்த்து, பிடிக்காதவற்றைத் தள்ளிவிட்டு, இரண்டை மட்டும் மிச்சம் வையுங்கள். அடித்த உடனே மூக்கில் வைத்தால் ஆல்கஹால் நெடிதான் ஏறும். அரை நிமிடம் ஆட்டிவிட்டு முகருங்கள்.

மிஞ்சிய இரண்டும் தோலுக்கு. ஒரு கைக்கு ஒன்று, அதற்கு மேல் கிடையாது. மணிக்கட்டுக்குப் பதிலாக முழங்கை மடிப்பின் உள்புறத்தில் போடச் சொல்வேன். அங்கே சூடு சீராக இருக்கும், கை கழுவும்போது அழியாது, கைக்கடிகாரத்தின் தோல்பட்டை வாடையும் கலக்காது. ஒரு சாண் தள்ளி வைத்து ஒரே ஒரு முறை அடியுங்கள். எந்தக் கையில் எது என்று அப்போதே போனில் குறித்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரத்தில் மறந்துவிடும்.

இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துத் தேய்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். தேய்த்தால் மூலக்கூறு ‘உடைந்துவிடும்’ என்று சிலர் சொல்வது சரியில்லை. ஆனால் தேய்க்கும் சூட்டில் முதல் வாசனை வேகமாகக் கிளம்பிவிடும், தோலின் எண்ணெயும் கலவையோடு பிசைந்துபோகும். பரிசோதிக்கும்போது அது வேண்டாம்.

நடுவில் காபிக்கொட்டை டப்பாவை நீட்டுவார்கள். மூக்கைப் புதுப்பிப்பதில் காபிக்கொட்டை வெறும் காற்றைவிட மேலானது அல்ல என்று அமெரிக்காவில் 2011-இல் வெளியான ஒரு சிறு ஆய்வு காட்டியது. கடைக்கு வெளியே வந்து நல்ல காற்றில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். அல்லது உங்கள் சட்டையின், துப்பட்டாவின் உள்பக்கத்தை முகருங்கள். மூக்கு பழகிப்போன சொந்த வாசனை அது. அடுத்ததை முகர அதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

பிறகு வாங்காமல் வெளியே வாருங்கள். ‘இன்னைக்கு மட்டும்தான் ஆஃபர்’ என்று விற்பனையாளர் சொன்னாலும் வாருங்கள். அந்த முதல் பத்து நிமிட வாசனையில் மயங்கித்தான் பெரும்பாலான தவறான பாட்டில்கள் வாங்கப்படுகின்றன. கடையிலேயே ஆளை இழுக்க வேண்டும் என்பதற்காக, முதல் பத்து நிமிடத்தைப் பளிச்சென்று வைப்பதில் தயாரிப்பாளர்கள் கவனமாக இருக்கிறார்கள். நீங்கள் நாள் முழுக்க வாழப்போவது அதற்குப் பின்னால் வரும் வாசனையோடு.

அடுத்த எட்டு மணி நேரம்

பத்தாவது நிமிடம், ஒரு மணி நேரம், நாலு மணி நேரம், எட்டு மணி நேரம். இந்த நாலு தடவை மட்டும் முகர்ந்து, தோன்றுவதை இரண்டு சொல்லில் எழுதுங்கள். மூக்கைத் தோலில் ஒட்டி ஒரு தடவை, ஒரு சாண் தள்ளி ஒரு தடவை. மற்றவர்களுக்குப் போய்ச் சேருவது தள்ளி முகரும் வாசனைதான்.

எதை எதிர்பார்ப்பது என்று தெரிய ஒரு உதாரணம் தருகிறேன். 2006-இல் ஜான் க்ளோத் எலெனா ஹெர்மெஸ் நிறுவனத்துக்காகச் செய்த ‘தேர் தெர்மெஸ்’ பல கடைகளில் டெஸ்டராகக் கிடைக்கும். அடித்ததும் ஆரஞ்சுத் தோலைக் கிள்ளியது போன்ற கசப்பும் புளிப்பும். அதோடு மிளகு. கொஞ்ச நேரத்தில் ஆரஞ்சு பின்னுக்குப் போய், மழை தொட்ட கூழாங்கல் மாதிரி ஒரு உலர்ந்த கனிம வாசனை முன்னால் வரும். முடிவில் வெட்டிவேரும் தேவதாரு மரமும் மிஞ்சும். வறண்ட கையில் ஆரஞ்சுப் பகுதி அரை மணியைத் தாண்டாது. சீக்கிரமே மரத்தூள் வாசனைக்கு வந்து, மத்தியானத்துக்குள் மெலிந்துவிடும். எண்ணெய்ப்பசையுள்ள நெஞ்சில் ஆரஞ்சும் வெட்டிவேரும் சேர்ந்தே வெகுநேரம் ஒலிக்கும். கொஞ்சம் இனிப்பாகவும் தோன்றும். இரண்டும் அதே பாட்டில். ஒருவர் ‘இது வெறும் மரவாசனை’ என்பார், இன்னொருவர் ‘ஆரஞ்சு வாசனை’ என்பார். இரண்டு பேரும் உள்ளதைத்தான் சொல்கிறார்கள்.

மல்லிகை சார்ந்த சென்ட்டுகளில் இந்த வித்தியாசம் இன்னும் கூர்மையாகத் தெரியும். மல்லிகையில் பழம் போல இனிக்கும் பென்சைல் அசிடேட் உண்டு, இண்டோலும் உண்டு. இண்டோல் தனியாக முகர்ந்தால் அந்துருண்டை நெடி அடிக்கும், செறிவு கூடினால் மலவாடையே வந்துவிடும். சிறிதளவு இருந்தால்தான் மல்லிகை நிஜப் பூவாக மணக்கும். உடம்புச் சூட்டில் இனிப்பு முதலில் கிளம்பிவிட, இண்டோல் பின்தங்கி நிற்கும். அதனால்தான் காகிதத்தில் மதுரை மல்லியாக மணந்தது, சூடான கழுத்தில் மூன்று மணி நேரம் கழித்துக் கனத்துப்போய் ஏறக்குறைய மிருகவாசனை ஆகிவிடுகிறது. சிலருக்கு அந்தக் கட்டம்தான் பிடித்தமானது. சகிக்க முடியாதவர்கள் நாலாவது மணி நேரக் குறிப்பை எழுதும்போது கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஒரு நாள் போதாது. இன்னொரு நாள், வேறு சூழலில் திரும்பச் சோதியுங்கள். முதல் நாள் ஏசி அலுவலகம் என்றால் அடுத்தது பேருந்தும் வெயிலுமாக அலையும் நாளாக இருக்கட்டும். சித்திரை வெயிலில் சோதித்ததை மார்கழியில் நம்ப வேண்டாம். டெஸ்டருக்காகத் திரும்பத் திரும்பக் கடை ஏற முடியாதவர்கள் 5 மில்லி, 10 மில்லி அளவில் பிரித்து விற்பவர்களிடம் வாங்கலாம். சில நிறுவனங்களே சிறு மாதிரிக் குப்பிகளைத் தொகுப்பாக விற்கின்றன. முழு பாட்டில் விலையோடு ஒப்பிட்டால் இது பெரிய செலவில்லை.

மூக்கையும் சோதியுங்கள்

‘என் மேல் வாசனையே வரவில்லை’ என்பவர்களில் கணிசமானவர்கள் மேல் வாசனை நன்றாகவே வந்துகொண்டிருக்கும். அவர்கள் மூக்குக்குத்தான் தெரியவில்லை.

இதற்கு இரண்டு காரணம். தொடர்ந்து வரும் மணத்தை மூக்கு கொஞ்ச நேரத்தில் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். காலையில் கழுத்தருகே நாலு முறை அடித்துக்கொண்டவருக்குப் பத்து மணிக்கே ஒன்றும் தெரியாது. லிஃப்ட்டில் கூட வருபவருக்கு மூச்சு முட்டும். இன்னொன்று பிறவியிலேயே வருவது. சிலவகை மஸ்க் மூலக்கூறுகளைச் சிலரால் முகரவே முடியாது. வயலட் பூவின் மணத்துக்குக் காரணமான பீட்டா அயனோனை ஒருசாரார் பூவாக உணர்கிறார்கள், இன்னொரு சாராருக்கு அது புளித்த வாடை. ஓஆர்5ஏ1 என்ற ஒரே மரபணுவின் வேறுபாடு இதை முடிவு செய்கிறது என்று 2013-இல் நியூசிலாந்து ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்.

இதற்கு நல்ல சாட்சி ‘மாலிக்யூல் 01’. கேஸா ஷோன் 2006-இல் கொண்டுவந்த இந்த பெர்ஃப்யூமில் ஐசோ ஈ சூப்பர் என்ற ஒரே வாசனைப் பொருள்தான், மற்றபடி ஆல்கஹால். போட்டுக்கொண்டவருக்கு வரும், போகும், திரும்ப வரும். சிலருக்கு வரவே வராது. பக்கத்தில் இருப்பவர் ‘என்ன போட்டிருக்கீங்க?’ என்று கேட்பார். அதனால் நாலாவது மணி நேரக் குறிப்பை எழுதும்போது வீட்டில் ஒருவரையும் முகரச் சொல்லுங்கள். ‘நல்லா இருக்கா?’ என்று கேட்க வேண்டாம். ‘ஏதாவது வாசனை தெரியுதா, எது மாதிரி இருக்கு?’ என்று கேளுங்கள். உங்களுக்குத் தெரியவில்லை என்பதற்காக மட்டும் கூடுதலாக அடித்துக்கொள்ளாதீர்கள்.

வறண்ட தோலில் நிற்க வைக்க

குளித்து, துண்டால் ஒற்றி எடுத்து, தோல் லேசான ஈரத்தோடு இருக்கும்போதே வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் கிரீமைத் தடவுங்கள். அது ஊறிய பிறகு சென்ட். கிரீம் இல்லாவிட்டால், போடும் இடத்தில் மட்டும் மணமில்லாத பெட்ரோலியம் ஜெல்லியை மிக மெல்லிசாகத் தேய்த்துக்கொள்ளலாம். தோலில் இல்லாத எண்ணெய்ப்பசையை நாமே கொடுக்கிறோம், அவ்வளவுதான். தேங்காய் எண்ணெயும் பிடித்து வைக்கும், ஆனால் அதற்கே பலமான மணம் உண்டு. வெனிலா, சந்தன ரகத்தோடு ஒத்துப்போகும், எலுமிச்சை ரகத்தைக் கெடுத்துவிடும்.

இடத்தை மாற்றுவதும் பெரிய உதவி. கையில் போட்டதை நெஞ்சிலும் பிடரியிலும் போட்டுப் பாருங்கள். செறிவையும் கவனியுங்கள். பெட்டியில் ‘ஓ த துவாலெத்’ என்று இருந்தால் வாசனைக் கலவை ஏறக்குறைய 5 முதல் 15 சதவீதம். ‘ஓ த பார்ஃபம்’ என்றால் 15 முதல் 20. இவை சட்டம் போட்ட அளவுகள் இல்லை, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். செறிவு கூடினாலும் எலுமிச்சை எலுமிச்சைதான், அது நிற்காது. வறண்ட தோல்காரர்கள் வெட்டிவேர், சந்தனம், பச்சோலி, ஆம்பர், மஸ்க் என்று அடிப்பகுதி கனமானவற்றை நாடுவது நல்லது.

அத்தர் இங்கே கைகொடுக்கும். உத்தரப் பிரதேசத்தின் அத்தர் ஊரான கன்னோஜில் பூவைக் காய்ச்சி வடிக்கும்போது வரும் ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குவது பழைய முறை. சந்தன எண்ணெயின் மூலக்கூறுகள் மெதுவாக ஆவியாவதால் பூவின் மணத்தையும் பிடித்து நிறுத்தும். ஆல்கஹால் இல்லாததால் தோலும் காயாது. விலை குறைந்த அத்தர்களில் சந்தன எண்ணெய்க்குப் பதிலாக வேறு எண்ணெய்கள் கலப்பதும் உண்டு, ஆகவே இதையும் கையில் வைத்து நேரம் கொடுத்துப் பார்த்தே வாங்குங்கள். ஒரு சொட்டு போதும். தூரம் போகாது, தோலுக்கு அருகிலேயே மணக்கும்.

வியர்வைக்காரர்களுக்கு

கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் வியர்வை காய்வதே இல்லை. வழிந்தோடும்போது சென்ட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். இங்கே மிகப் பெரிய தவறு, வியர்த்த பிறகு அதன் மேலேயே அடிப்பது. வாடையும் சென்ட்டும் சேர்ந்து மூன்றாவது ஒன்று உருவாகும். அதைச் சகிப்பது கஷ்டம். துடைத்து, முடிந்தால் கழுவி, தோல் காய்ந்த பிறகே போடுங்கள். அக்குளில் பெர்ஃப்யூம் வேண்டாம். அங்கே மணமில்லாத டியோடரன்ட்டோ, வியர்வையைக் குறைக்கும் ரோல்-ஆனோ போதும். சென்ட் நெஞ்சிலும் பிடரியிலும்.

இனிப்பான, கனமான சென்ட்டுகள் வெயிலில் இரண்டு மடங்கு திகட்டும். ஐரோப்பாவின் குளிருக்காகச் செய்த வெனிலா, ஊத் (அகில்) ரகங்களை மே மாத மத்தியானத்தில் நாலு முறை அடித்துக்கொள்வது கூட இருப்பவர்களுக்குச் செய்யும் கொடுமை. ஒரே ஒரு முறை, சட்டைக்குள், நெஞ்சில். அதுவும் மாலை நேரத்துக்கு வைத்துக்கொண்டால் நல்லது.

எது போட்டாலும் தோலில் கெட்டுப்போகிறது என்பவர்கள் துணியில் போடலாம். பருத்திச் சட்டையின் உள்பக்கம், காலருக்குக் கீழே. துணியில் காகிதத்தில் இருந்தது போலவே ஏறக்குறைய இருக்கும், வெகுநேரமும் நிற்கும். பட்டுப்புடவை, ஜரிகை, வெள்ளை வேட்டி ஆகியவற்றில் வேண்டாம். கறை விழுந்தால் போகாது.

அரிப்பு, தழும்பு, வெயில்

வாசனை நன்றாக இருக்கிறது என்பதற்கும் அது உங்கள் தோலுக்கு ஒத்துக்கொள்ளும் என்பதற்கும் சம்பந்தமே இல்லை. பெர்ஃப்யூம் ஒவ்வாமை உடனே தெரியாது. பட்ட ஒரு நாள், இரண்டு நாள், சில சமயம் மூன்று நாள் கழித்துக்கூடச் சிவந்து அரிக்கும். புதிதாக ஒன்றை வழக்கமாக்கும் முன் முழங்கை மடிப்பில் காசளவு இடத்தில் தொடர்ந்து சில நாள் போட்டுப் பாருங்கள். பெட்டியின் பின்புறம் லினலூல், லிமோனின், ஜெரானியால், யூஜெனால் என்று சிறிய எழுத்தில் இருக்கும். ஒவ்வாமை தரக்கூடியவை என்று ஐரோப்பிய ஒன்றியம் முதலில் 26 பொருட்களைக் கட்டாயம் அச்சிடச் சொன்னது. 2023-இல் அந்தப் பட்டியலை 80-க்கு மேல் நீட்டியது. ஒரு சென்ட்டில் அரித்தால் அந்தப் பட்டியலைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். எந்தப் பொருள் என்று, தோலில் சிறிதளவு ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட்டில் கண்டுபிடித்துவிட்டால் அது இல்லாததைத் தேடி வாங்கலாம்.

‘இயற்கை எண்ணெய், ஒன்றும் செய்யாது’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பெர்கமோட் எலுமிச்சையின் தோலைப் பிழிந்தெடுத்த எண்ணெயில் பெர்காப்டின் என்ற பொருள் உண்டு. அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தோல் வெந்தது போலாகி, கழுத்தில் ஒழுகிய கோடு மாதிரிக் கருந்தழும்பு விழும். மாறப் பல மாதம் ஆகும். பெரிய நிறுவனங்கள் பெர்காப்டின் நீக்கிய எண்ணெயைப் பயன்படுத்துகின்றன. வீட்டில் எலுமிச்சை ரக எண்ணெய்களைக் கலந்து செய்யும் சென்ட்டில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதைப் போட்டுக்கொண்டு பகலில் வெளியே போகக் கூடாது. கடைச் சென்ட்டாக இருந்தாலும் வெயிலில் அலையும் நாளில் கழுத்தை விட்டுச் சட்டைக்குள் போடுவதே நல்லது. சவரம் செய்த, மெழுகால் முடி எடுத்த தோலில் அன்று எதுவும் வேண்டாம். குழந்தைகள் மேல் அடிக்காதீர்கள்.

வாங்கிய பாட்டிலைக் குளியலறையிலும் ஜன்னல் ஓரத்திலும் காரின் டேஷ்போர்டிலும் வைக்க வேண்டாம். லிமோனினும் லினலூலும் காற்றோடு சேர்ந்து ஆக்சிஜனேற்றம் அடையும்போது உண்டாகும் பொருட்கள்தான் அசல் மூலக்கூறுகளைவிட அதிகமாக அரிப்பைக் கொடுப்பவை. சூடும் வெளிச்சமும் அதைத் துரிதப்படுத்தும். பெட்டியோடு பீரோவின் உள்தட்டில் வையுங்கள். அடித்ததும் வரும் எலுமிச்சை மணம் மங்கி, வார்னிஷ் மாதிரி நெடி வரத் தொடங்கினால் அதைத் தோலில் போடுவதை நிறுத்திவிடுங்கள்.